மீசை வைத்த தாய்

ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையாது என்பது நம் முன்னோர் மொழி. இதனை அறியாத தமிழர் இலர். ஆயினும் பிள்ளையை அடித்துத் திருத்துவதற்கும், மூன்று வயதிலேயே பென்சிலைக் கையில் திணிப்பதற்கும் இதனைச் சான்றாகக் காட்டுவோரே மிகுதி. இளங்கொம்பு வளையும் என்பது மெய்யே. பதம் பாராமல் வளைத்தால் முறியும் என்பதும் அவ்வளவு மெய்யன்றோ? இந்த இரண்டாவது உண்மையைத் தம் வாழ்நாள் முழுவதும் எடுத்தோதிய பெரியார் ஒருவர், பிழைப்பின்பொருட்டு நாம் வந்து குடியேறியிருக்கும் இக்கூர்ச்சர நாட்டிலேயே பிறந்து வாழ்ந்தார். கிஜுபாய் பதேகா என்பது அவர் பெயர். நம் சங்கத்தின் ஆண்டு விழா மலரில் அவர் வரலாற்றைச் சுருங்கக் கூறுவது, நமக்குச் சோறிட்ட நாட்டிற்கு நாம் செலுத்தும் நன்றியாகும். நம் வீட்டு மழலைகளுக்கு அதனால் விளையும் நன்மையோ அதனினும் பெரிது.

கிஜுபாய் 1885-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 15-ஆம் நாள் சௌராஷ்டிரப் பகுதியிலுள்ள சித்தல் என்னும் சிற்றூரில் தோன்றினார். பெற்றோர் இட்ட பெயர் கிரிஜாசங்கர். தந்தையார் பெயர் பகவான்ஜி. இளமைக் கல்வி வல்லபீபுரத்தில் நடந்தது. பண்டைக் காலத்தில் வல்லபி எனப் பெயர் பெற்று விளங்கிய கல்விப் பேரூர் அதுவே. பின்னர்ப் பவநகரத்திற்கு வந்து கல்லூரியிற் சேர்ந்தார். குடும்பநிலை இடந்தராமையால் படிப்பை இடையில் விடுத்து, 1907-ஆம் ஆண்டில் கடல் கடந்து கிழக்கு ஆப்பிரிக்கா சென்றார். பொருள் தேடிப் பிறந்த மண்ணை விட்டுப் பெயர்ந்தவர் என்ற முறையில் அவரும் நம் இனத்தவரே. இரண்டாண்டுகள் அங்கே உழைத்தார். தம் வேலையைத் தாமே செய்துகொள்ளும் பழக்கமும், பிறர் கையை எதிர்பாராத உறுதியும் அந்நாட்களில் அவருக்கு வாய்த்தன. பிற்காலத்தில் தம் பள்ளிக் குழந்தைகளுக்கு அவர் முதற்பாடமாகக் கற்பித்ததும் இதுவே.

1909-இல் தாயகம் திரும்பியவர் பம்பாயில் சட்டம் பயின்று, வத்வான் காம்ப் என்னும் ஊரில் வக்கீல் தொழில் தொடங்கினார். அவ்வூர்தான் இன்று சுரேந்திரநகர். நம்மில் ரெயில்வேப் பணியில் இருப்போர்க்கு அந்தச் சந்திப்பு நிலையம் புதிதன்று. தொழில் நன்கு நடந்தது, கட்சிக்காரர்கள் வந்தனர், வருவாயும் வந்தது. அந்நிலையில் 1913-ஆம் ஆண்டில் அவருக்கு ஓர் ஆண்மகவு பிறந்தது. நரேந்திரன் எனப் பெயரிட்டனர்.

மகன் பிறந்தால் தந்தைக்கு வரும் கவலைகள் பல. கிஜுபாய்க்கு வந்த கவலையோ ஒன்றே: இக்குழந்தையை எந்தப் பள்ளிக்கு அனுப்புவது? தாம் பயின்ற பள்ளிகளை அவர் மறந்தாரல்லர். பிரம்பும், வசையும், பொருளறியா மனப்பாடமும் அக்காலப் பள்ளிகளின் மூன்று தூண்களாக இருந்தன. அவ்விடத்திற்குத் தம் மகனை அனுப்ப அவர் மனம் ஒப்பவில்லை. நல்ல பள்ளியைத் தேடி அலைந்தார். கல்வி பற்றிய நூல்களைத் தேடிப் படித்தார். வசோ என்னும் ஊரில் மோதிபாய் அமீன் என்னும் கல்வித் தொண்டர் ஆற்றிவந்த பணியை நேரிற் சென்று கண்டார். அங்ஙனம் தேடும் நாளில்தான் மாண்டிசோரி அம்மையாரின் கொள்கை அவருக்கு அறிமுகமாயிற்று.

அவ்வம்மையாரைப் பற்றி இங்கு ஒரு சொல் கூறுதல் வேண்டும். இத்தாலி நாட்டு மருத்துவராகிய மரியா மாண்டிசோரி, 1907-ஆம் ஆண்டில் ரோமாபுரியின் ஏழைமக்கள் வாழும் பகுதியொன்றில் சிறு குழந்தைகளுக்கென ஓர் இல்லம் திறந்தார். குழந்தைக்குக் கல்வியைப் புகட்ட வேண்டியதில்லை. தக்க பொருள்களை அதன் கைக்கு எட்டும்படி வைத்து, தக்க சூழலை அமைத்துத் தந்தால் அது தானே கற்கும் என்பது அவர் கண்ட உண்மை. இதனைப் படித்த கிஜுபாய்க்கு இருளில் விளக்கேற்றினாற் போலாயிற்று.

பவநகரத்தில் 1910-ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற தட்சிணாமூர்த்தி வித்யார்த்தி பவன் என்னும் மாணவர் நிலையம் நானாபாய் பட்டின் தலைமையில் வளர்ந்து வந்தது. 1916-ஆம் ஆண்டில் கிஜுபாய் வக்கீல் தொழிலைத் துறந்து, அந்நிறுவனத்தில் சேர்ந்தார். வளரும் வருவாயை விட்டுச் சிறு ஊதியத்திற்கு ஒருவர் செல்வாராயின், உலகம் அவரை என்ன சொல்லும் என்பது நமக்குத் தெரியாததன்று. தம் ஒரு மகனுக்குப் பள்ளி தேடப் புறப்பட்டவர், ஊரார் பிள்ளைகள் அனைவர்க்கும் பள்ளி அமைப்பவராக மாறினார். அவர் வாழ்வின் பெருந்திருப்பம் இதுவே.

முதலில் அவர் பெரிய மாணவர்களுக்கே கற்பித்தார். சில ஆண்டுகளில் அவருக்கு ஒன்று புலனாயிற்று. பதின்மூன்று பதினான்கு வயதில் வந்து சேரும் பிள்ளையிடம் அச்சமும், சோம்பலும், பிறர் சொன்னால்தான் செய்வது என்னும் இயல்பும் முன்னரே வேரூன்றிவிட்டிருந்தன. இருப்புப் பாதையில் பணிபுரிவோர் இதனை எளிதில் உணர்வர். மேலே ஓடும் வண்டி எத்துணைப் புதியதாயினும், கீழே இட்ட சரளைக்கல் கெட்டிப்படாவிடில் பாதை நில்லாது. ஆகவே அவர் அடித்தளத்திற்கே இறங்கினார். 1920-ஆம் ஆண்டில் சின்னஞ்சிறு குழந்தைகளுக்கெனப் பாலமந்திர் என்னும் பள்ளியைத் தொடங்கினார். 1922-ஆம் ஆண்டில் பவநகரத்துத் தக்தேசுவரக் குன்றின்மீது அதற்கென எழுந்த கட்டடத்தைக் கஸ்தூரிபா காந்தி அம்மையார் திறந்து வைத்தார்.

அப்பள்ளி எத்தகையது? அங்கே பிரம்பு இல்லை, தண்டனை இல்லை, பரிசும் இல்லை. பரிசு ஏன் இல்லை என்று நம்மில் சிலர் வியக்கக்கூடும். அச்சத்தால் செய்வதும் ஆசையால் செய்வதும் ஒன்றே. இரண்டிலும் குழந்தை தன் வேலையை விட்டுப் பிறர் முகத்தையே பார்க்கிறது என்பது அவர் கருத்து. குழந்தைகள் தாமே தரையைக் கூட்டினர், செடிகளுக்கு நீர் விட்டனர், களிமண்ணைப் பிசைந்து உருவம் செய்தனர், பாடினர், ஆடினர், நாடகம் நடித்தனர். அந்நாடகங்களில் ஆசிரியராகிய கிஜுபாயும் வேடம் பூண்டு நடித்தார். தடித்த மீசையும் கம்பீரத் தோற்றமும் உடைய அவரைச் சுற்றி எந்நேரமும் குழந்தைகள் மொய்த்துக்கொண்டிருந்தனர். அவரிடம் பொங்கிய தாயன்பைக் கண்ட கூர்ச்சர மக்கள் அவருக்கு மூச்சாளீ மா, அதாவது மீசை வைத்த தாய், எனப் பெயர் சூட்டினர். மன்னர் அளித்த பட்டங்கள் எத்தனையோ மறைந்தொழிந்தன. மக்கள் அளித்த இப்பட்டம் இன்றளவும் வழங்கி வருகின்றது.

மாண்டிசோரி அம்மையாரின் முறையை அவர் கண்ணை மூடிக்கொண்டு பின்பற்றினாரல்லர். அயல்நாட்டுக் கருவிகளுக்குக் கொடுக்கப் பொருளில்லாத இந்நாட்டிற்கு ஏற்ப, இங்கே கிடைக்கும் பொருள்களைக் கொண்டே பலவற்றை அமைத்தார். கதையையும் நாட்டுப் பாடலையும் கல்வியின் நடுவிடத்தில் வைத்தது அவருக்கே உரிய சிறப்பாகும். பாட்டிமார் வாயில் வழங்கிய கூர்ச்சரக் கதைகளைத் தொகுத்து, குழந்தை மொழியில் எழுதி வெளியிட்டார். கதை சொல்லும் கலையைப் பற்றித் தனி நூலே செய்தார். சிறியனவும் பெரியனவுமாக அவர் எழுதிய நூல்கள் இருநூறு அளவின என்பர்.

அவற்றுள் 1930-களின் தொடக்கத்தில் வந்த திவாஸ்வப்னம் தலைசிறந்தது. பகற்கனவு என்பது அதன் பொருள். தமிழிலும் அது மொழிபெயர்ந்து வந்துள்ளது. நான்காம் வகுப்பு ஒன்றை ஓராண்டுக்கு மட்டும் தம் விருப்பப்படி நடத்த இசைவு பெற்ற ஆசிரியர் ஒருவரின் கற்பனை வரலாறு அது. முதல் நாள் அவர் திட்டமிட்டுச் சென்ற அமைதி விளையாட்டுப் படுதோல்வி அடைகின்றது, பிள்ளைகள் கூச்சலிடுகின்றனர். மறுநாள் அவர் கதை சொல்லத் தொடங்குகின்றார். வகுப்பு மூச்சடங்கிக் கேட்கின்றது. பாடப்புத்தகம் வாங்கும் பணத்தைத் திரட்டி வகுப்பிற்கு நூலகம் அமைக்கின்றார். உடன் பணிபுரியும் ஆசிரியரும் பெற்றோருமே ஐயுறுகின்றனர். ஆண்டின் முடிவில் அவ்வகுப்பின் வளர்ச்சியே அவருக்காகப் பேசுகின்றது. அக்கற்பனையை உண்மை போல் எழுதும் வல்லமை அவருக்கு எங்ஙனம் வாய்த்தது? அத்தகைய ஐயங்களுக்கு இடையே நாள்தோறும் வாழ்ந்தமையால் வாய்த்தது எனலாம்.

பெற்றோரைப் பற்றி அவர் கொண்ட கவலை தனியே கூறத்தக்கது. பள்ளியில் குழந்தை இருப்பது சில மணி நேரமே. எஞ்சிய பொழுதெல்லாம் வீட்டில். பள்ளி கட்டியதை வீடு இடித்தால் என்ன பயன்? ஆதலின் பெற்றோருக்கென்றே அவர் பல எழுதினார். பெற்றோராக இருப்பது கடினம் என்னும் பொருளுடைய பெயரால் ஒரு நூல் செய்தார். இஃதென்ன தலைவேதனை என்னும் கருத்தமைந்த தலைப்பில் மற்றொன்று எழுதினார். வீடுகளில் அன்றாடம் நடக்கும் சிறு நிகழ்ச்சிகளையே அதில் படம் பிடித்துக் காட்டினார். குழந்தை ஒன்றைத் தானே செய்ய விழைவதும், பெரியோர் விரைவு கருதி அதனைப் பிடுங்கித் தாம் செய்து முடிப்பதும், பின்னர் அக்குழந்தை அழுவதும், அழுகைக்கு அடி விழுவதும் நம் வீடுகளில் நடவாதனவா?

1923-ஆம் ஆண்டில் தாராபாய் மோதக் என்னும் கற்றறிந்த அம்மையார் பவநகரம் வந்து அவருடன் சேர்ந்தார். 1926-ஆம் ஆண்டில் நூதன பாலசிட்சண சங்கம் அமைந்தது. மழலைக் கல்விக்கென ஆசிரியர்களைப் பயிற்றும் நிலையமும், கல்வி இதழும் தோன்றின. 1930-ஆம் ஆண்டில் நாட்டு விடுதலைப் போராட்டம் மூண்டபோது கிஜுபாய் பள்ளியின் நான்கு சுவர்களுக்குள் அடங்கியிருக்கவில்லை. பர்தோலி உழவர்கள் இன்னலுற்ற காலத்து அவர்களிடையே தொண்டு புரிந்தார். 1936-ஆம் ஆண்டில் தட்சிணாமூர்த்தி நிலையத்தினின்று விலகினார். பின்னர் ராஜ்கோட்டில் ஆசிரியப் பயிற்சி நிலையம் ஒன்றைத் தொடங்கினார். ஓய்வறியா உழைப்பு உடலைத் தின்றது. 1939-ஆம் ஆண்டு ஜூன் 23-ஆம் நாள் பம்பாயில் அவர் உயிர் நீத்தார். வயது ஐம்பத்து மூன்றே.

விதியின் விளையாட்டை என்னென்பது! அவர் மறைந்து ஐந்து திங்கள் கழிவதற்குள், அவர் வழிகாட்டியாகக் கொண்ட மாண்டிசோரி அம்மையார் இந்தியாவிற்கு வந்தார். வந்து தங்கிய இடம் நம் சென்னையின் அடையாறு. உலகப் போர் காரணமாக அவர் இந்நாட்டிலேயே பல ஆண்டுகள் தங்க நேர்ந்தது. சில காலம் கொடைக்கானலிலும் வாழ்ந்து, நூற்றுக்கணக்கான ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தார். கூர்ச்சரத்தில் கிஜுபாய் இட்ட வித்தும், தமிழகத்தில் அம்மையார் இட்ட வித்தும் இன்று நாடெங்கும் தழைத்துள்ளன. தாராபாய் மோதக் பின்னாளில் பம்பாய்க்கு வடக்கே போர்டி, கோஸ்பாட் என்னும் ஊர்களில் ஏழை மக்களின் முற்றத்திற்கே மழலைப் பள்ளியைக் கொண்டு சென்றார். முற்றத்துப் பள்ளி என்னும் பொருளுடைய அங்கன்வாடி என்னும் சொல், 1975-ஆம் ஆண்டில் தொடங்கிய அரசுத் திட்டத்தின் வாயிலாக ஊர்தோறும் வழங்கலாயிற்று.

இனி, இப்பெரியாரின் வாழ்வு நம் வீட்டிற்குக் கூறுவது யாது? நம் சங்கத்தைச் சேர்ந்த குடும்பங்களில் மூன்று வயதுப் பிள்ளைகள் நர்சரிப் பள்ளிக்குச் செல்கின்றனர். வீட்டில் தமிழ், தெருவில் குஜராத்தி, பள்ளியில் ஆங்கிலம் என மும்மொழி அவர்கள் காதில் விழுகின்றது. மாலையில் வரும் பிள்ளையிடம் இன்று என்ன எழுதினாய் என்று கேட்கிறோம். விளையாடினேன் என்னும் விடை வந்தால் கட்டணம் வீணாயிற்று என்று நெஞ்சு பதைக்கிறோம். அடுத்த வீட்டுப் பிள்ளை நூறு வரை எண்ணுகிறது என்று கேட்டால் அன்றிரவு உறக்கம் இல்லை. ஊர் விட்டு ஊர் வந்து, படிப்பு ஒன்றையே முதலாகக் கொண்டு வாழும் நமக்கு இவ்வச்சம் இயல்பே. ஆயினும் இயல்பான அச்சமும் பிள்ளையை வருத்தலாகாது.

விளையாட்டு எனத் தோன்றுவதில் நடக்கும் வேலையை முதலில் நாம் அறிதல் வேண்டும். மணி கோக்கும் குழந்தை, பின்னர்ப் பென்சில் பிடிக்கும் மூன்று விரல்களையே பழக்குகின்றது. குவளையிலிருந்து குவளைக்கு நீர் ஊற்றும் குழந்தை, கண்ணும் கையும் இணைந்து செயற்படக் கற்கின்றது. பெரியது சிறியது என அடுக்குவதும், அவரை விதையையும் துவரையையும் பிரிப்பதும் கணக்கின் முதற்படி. உப்புத்தாளில் வெட்டிய எழுத்தை விரலால் தடவும் குழந்தை, எழுதுவதற்கு முன்னரே அவ்வெழுத்தின் போக்கை விரலில் ஏற்றிக்கொள்கின்றது. பாட்டில் ஒலிகளின் பிரிவும், கதையில் முன்பின் தொடர்பும் நினைவும் வளர்கின்றன. இவையெல்லாம் நிரம்பியபின் எழுத்துத் தானே வரும்.

அடுத்து, விரைவு கூடாது. ரெயில்வேயில் உள்ளோர்க்கு இதனை விளக்க வேண்டுவதில்லை. நேரங்கடந்து புறப்படும் வண்டியைக் குறை கூறுவோம்; குறித்த நேரத்திற்கு முன்னரே புறப்படும் வண்டியைப் பாராட்டுவோமா? ஏற வேண்டியவர் பலரை நடைமேடையிலேயே விட்டுச் சென்றதல்லவா அது? காலத்திற்கு முன் எழுத்தை நோக்கி ஓட்டப்படும் குழந்தையும் ஆர்வம், துணிவு, மகிழ்ச்சி ஆகிய பயணிகளைப் பின்னே விட்டுச் செல்கின்றது. 2020-ஆம் ஆண்டுத் தேசியக் கல்விக் கொள்கையும் மூன்று முதல் எட்டு வயது வரையுள்ள ஐந்தாண்டுகளை ஒரே அடிப்படைப் பருவமாகக் கொண்டு, விளையாட்டு வழியையே வற்புறுத்துகின்றது. கிஜுபாய் சொன்னது ஒரு நூற்றாண்டு கழித்து நாட்டின் கொள்கை நூலில் ஏறியிருக்கின்றது.

மூன்றாவது, குழந்தை செய்யக்கூடியதைக் குழந்தையே செய்யட்டும். சட்டைப் பொத்தானைத் தானே போட ஐந்து நிமிடம் ஆகுமாயின், பெற்றோர் பத்து நிமிடம் முன்னர் எழுதல் வேண்டும். தட்டில் சிந்தினால் சிந்தட்டும்; துடைக்கும் துணியையும் அதன் கையிலேயே கொடுப்போம். ஆசிரியையைக் காணும்போது எத்தனை எழுத்துக் கற்றான் என்று மட்டும் வினவாமல், எதில் மகிழ்கின்றான், எதற்கு அஞ்சுகின்றான், யாரோடு கூடி விளையாடுகின்றான் என்றும் வினவுவோம். அவ்வாசிரியையும் தன் பணியை அறிந்து மதிக்கும் பெற்றோரைக் கண்டு மகிழ்வார்.

நான்காவதே நமக்கு இன்றியமையாதது. கிஜுபாய் தாய்மொழிக் கதையை ஏன் அத்துணைப் போற்றினார்? சிந்தனை முளைக்கும் மொழி அதுவே என்பதனால். ஆங்கிலத்தைப் பள்ளி கற்பிக்கும். குஜராத்தியைத் தெருவில் கூடி ஆடும் தோழர் கற்பிப்பர். தமிழை யார் கற்பிப்பார்? பாட்டியோ திருநெல்வேலியிலோ தஞ்சையிலோ இருக்கின்றாள். ஆண்டுக்கொருமுறை விடுமுறையில் காண்பதே அரிது. எனவே பாட்டியின் பணியும் தந்தை தாயர் தலையிலேயே விழுகின்றது. தமிழில் ஒரு கதையை முழுமையாகக் கேட்டு, காக்கை ஏன் வடையை இழந்தது என்று வினவும் பிள்ளை, வேறெந்த மொழியிலும் வினவக் கற்றுவிடும். வீட்டிலும் உடைந்த ஆங்கிலமே பேசப்படும் பிள்ளைக்கோ எம்மொழியும் உறுதியாக நில்லாது. இரவுப் பணி முடித்து வரும் தந்தைக்கும், அலுவலும் அடுக்களையும் தாங்கும் தாய்க்கும் ஓய்வேது என்பீர்கள். படுக்கையில் கால் மணி நேரம் போதும். கதை தெரியாதவர் எவரும் இலர். சொல்லத் தொடங்காதவரே உளர்.

நம் சங்கம் ஞாயிறுதோறும் தமிழ் வகுப்பு நடத்த எண்ணினால், அதில் ஐந்து வயதிற்குட்பட்டோர்க்கு எழுத்துப்பலகை வேண்டா. கதையும் பாட்டும் களிமண்ணுமே வைப்போம். ஊரிலிருந்து வந்து தங்கும் பாட்டனாரையும் பாட்டியாரையும் அவ்வகுப்பிற்கு ஆசிரியராக அழைப்போம். செலவு ஒன்றுமில்லை; பயனோ அளவிடற்கரியது.

கிஜுபாய் தம் மகனுக்கு ஒரு நல்ல பள்ளி தேடினார், கிடைக்கவில்லை, தாமே ஒன்றைப் படைத்தார். நாம் அனைவரும் வேலையைத் துறந்து பள்ளி அமைக்க வேண்டுவதில்லை. நாள்தோறும் மாலையில் வீடு திரும்பும் மழலையின் கையைப் பற்றி, அது செய்ததையெல்லாம் பொறுமையோடு கேட்டாலே, அம்மீசை வைத்த தாயின் பள்ளியில் ஒரு மூலை நம் வீட்டிலும் அமைந்துவிடும். கூர்ச்சரத்தார் தந்த அப்பெரியாரின் புகழ் தமிழர் இல்லங்களிலும் விளங்குக! நம் மழலைச் செல்வங்கள் அச்சமின்றி வளர்க!